நாக்கில் ஒட்டிய எலும்பு

மான்செஸ்டர்
அக்டோபர் 4, 1886

அன்புள்ள அண்ணன் ஜேபஸுக்கு,

தங்கை தபித்தா எழுதுவது. நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமென்று எழுதினால்தான் இந்தச் சுகம் நிலைக்கும். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே மழையோடு கரியும் சேர்ந்து பெய்கிறது.

அருங்காட்சியக வேலை பழகிவிட்டது. பட்டம் வாங்கியவள் என்று மேசை தந்தார்கள். பெண் என்பதால் அதை மாடிப்படிக்கு அடியில் போட்டார்கள். யாரும் வந்து பேசாதவரை எனக்கும் அது நிம்மதிதான். பேராசிரியர் தர்ல்பி அனுப்பும் எலும்புகளைக் கழுவி, உடையாமலிருக்கப் பசை ஊட்டி, எண் எழுதி அடுக்குகிறேன்.

அவர் நிலவியலாளர். துணிக்கடைக்காரர் மகன். யானையும் கழுதைப்புலியும் இந்த நாட்டில் திரிந்த காலத்திலேயே மனிதனும் இங்கே வாழ்ந்தான் என்று முப்பது வயதில் சொன்னார். தலை நரைத்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டு குகை குகையாகத் தோண்டுகிறார். கல் ஆயுதங்கள் கிடைத்தன, ஆள் கிடைக்கவில்லை. "ஆள் எங்கே?" என்று லண்டன் பெரியவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுச் சிரிக்கிறார்களாம்.

முதல் நாள் என்னிடம் ஒரு எலும்பை நீட்டி, "நாக்கை நீட்டுங்க, மிஸ் ராக்" என்றார். நான் விழித்தேன். "புது எலும்பு நாக்குல வழுக்கும். யுகக்கணக்கா மண்ணுல கிடந்ததுன்னா உள்ள இருக்கிற பசையெல்லாம் போயிருக்கும். நாக்கைப் பிடிச்சுக்கும். இதைவிட நல்ல கருவி எங்கிட்ட இல்ல." கழுதைப்புலியின் காலை நக்கினேன். பிடித்துக்கொண்டது. அம்மாவிடம் சொல்லிவிடாதே.

இப்போது நம்மூர் ஊளைக் குகையைத் தோண்டப் போகிறார். ஆள் கேட்டார், உன் பெயரைச் சொன்னேன். ஈயச் சுரங்கம் மூடியதிலிருந்து நீ சும்மாதானே இருக்கிறாய். அப்பா உள்ளே போய் வராமலே போன மலை என்பதால் அம்மா தடுப்பாள். பதமாகப் பேசு.

அன்புத் தங்கை,
தபித்தா

~

கால்வர்லோ
அக்டோபர் 19

அன்புள்ள தபிக்கு,

இங்கே எல்லாரும் உயிரோடு. அம்மாவின் முழங்கால் மழை வருவதை வானத்துக்கு முன்னால் சொல்லிவிடுகிறது.

பதமாகத்தான் பேசினேன். "எந்தக் குகைடா?" என்றாள்.

"ஊளைக் குகை. அது மலைக்கு இந்தப் பக்கம்மா."

"மலைக்கு ஏதுடா பக்கம்? உள்ள எல்லாம் ஒண்ணுதான்."

அப்புறம் எழுந்து போய் என் பழைய தொப்பியைத் தைத்துக் கொடுத்தாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நீ தொட்டிலில் கிடந்தாய், உனக்குத் தெரியாது. ஊரே சேர்ந்து தோண்டியும் அப்பாவின் உடல் கிடைக்கவில்லை. புதைக்காதவருக்குக் கறுப்பு உடுத்த மாட்டேன் என்று அம்மா சொன்னது இன்றுவரை மாறவில்லை. கோயிலில் விதவைகள் பெஞ்சில் இன்னும் உட்காருவதில்லை. மனைவிமார் பெஞ்சில், ஓரமாக.

வேலை தொடங்கிவிட்டது. என்னோடு பழைய சுரங்கக் கூட்டாளி சைலஸ் வருகிறான். முதல் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சுரங்கத்தில் செய்வதுபோலக் கடைசித் துண்டு ஓட்ஸ் ரொட்டியைப் பாறை இடுக்கில் வைத்தோம். உன் பேராசிரியர் பார்த்துவிட்டார்.

"இது யாருக்கு?"

"பழையவருக்குங்க" என்றான் சைலஸ்.

"எந்தப் பழையவர்?"

"நமக்கு முன்னாடி உள்ள இறங்கி, உள்ளயே தங்கிட்டவங்க எல்லாரும்தான். எத்தன பேரா இருந்தாலும் பேரு ஒண்ணுதான்."

அவர் நன்றாகச் சிரித்தார். "நானும் அவரைத்தான்யா தேடறேன்! ஆனா ரொட்டி வேண்டாம். துணுக்கு மண்ணுல கலந்தா எது எந்தக் காலம்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

"குடுக்காம எடுத்தா அவரு கோவிச்சுக்குவாருங்க."

"அவர் வந்தா என்கிட்ட அனுப்பு. நான் பேசிக்கறேன்."

நல்ல மனிதர். ஆனாலும் அவர் திரும்பும்போது நான் ரொட்டி வைத்துவிடுகிறேன். காலையில் இருப்பதில்லை. நீ படித்தவள், எலி என்பாய். எலி என்றே வைத்துக்கொள்.

அண்ணன்,
ஜேபஸ்

~

கால்வர்லோ
நவம்பர் 25

அன்புள்ள தபிக்கு,

நலம். அம்மாவும் நலம். உனக்கு இருமல் என்று எழுதியிருந்தாயே, தேனும் வினிகரும் கலந்து குடி.

ரயிலில் ஒரு பெட்டி வரும். கீழே போட்டுவிடாதே. அதில் ஆள் இருக்கிறார்.

குகைக்குள் தண்ணீர் சொட்டிச் சொட்டி உறைந்த பாறைத் தளம் ஒன்று உண்டு. கை முழக் கனம். இவ்வளவு உறைய எத்தனையோ ஆயிரம் வருஷம் ஆகுமாம். அதற்கு அடியில் கிடப்பது எதுவும் அதைவிடப் பழசு என்று பேராசிரியர் அடித்துச் சொல்கிறார். அதைக் கடப்பாரையால் பெயர்த்தோம். கீழே சிவந்த மண். மண்ணில் கழுதைப்புலிப் பற்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு தாடை. கீழ்த்தாடை. மனிதத் தாடை.

பேராசிரியர் ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு நாக்கை வைத்தார். கையை எடுத்தார். தாடை நாக்கிலேயே தொங்கியது. கண்ணில் தண்ணீர் வழிய, அந்த எலும்போடு எங்கள் பக்கம் திரும்பினார். சிரிப்பதா பயப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. சைலஸ்தான், "ஐயா, அவரு உங்கள விடமாட்டேங்கறாருபோல" என்றான்.

மலைக்குள் தட்டும் சத்தம் கேட்பது எங்களுக்குப் புதிதல்ல. சுரங்கத்தில் கேட்டுக்கொண்டே வேலை செய்திருக்கிறோம். ஆனால் அது எப்போதும் தூரத்தில் கேட்கும். தாடையை எடுத்த பிறகு கேட்டது தோண்டிய குழிக்கு நேர் கீழே. நாங்கள் நிறுத்தினால் அதுவும் நிற்கிறது.

பேராசிரியர் கீழே மேலும் தோண்டவில்லை. தாடையே போதும், லண்டனுக்கு எழுத வேண்டும் என்று போய்விட்டார்.

அண்ணன்,
ஜேபஸ்

~

மான்செஸ்டர்
டிசம்பர் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். இருமல் குறைந்தது. பெட்டி பத்திரமாக வந்தது.

பேராசிரியர் இருபது வயது இளைஞரைப்போல மாடிப்படி ஏறுகிறார். பிப்ரவரியில் லண்டனில் பேசப் போகிறார். அச்சாகும் கட்டுரையில் என் பெயரும் இருக்குமாம்: 'எலும்புகளைச் சீர்செய்து அளந்தவர் தபித்தா ராக்.' அதை அவர் எழுதிக் காட்டியபோது என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நானும் நாக்கு வைத்துப் பார்த்தேன். ஒட்டியது. கழுதைப்புலிக்கு ஒட்டியதைவிட அழுத்தமாக. பிடுங்கித்தான் எடுத்தேன்.

இடப்பக்கம் இரண்டு பற்களுக்கு நடுவே வட்டமாக ஒரு தேய்மானம் இருக்கிறது. பேராசிரியர், "மிருக நரம்பைப் பல்லுல இடுக்கி இழுத்து நூல் ஆக்கியிருக்கான்! எவ்வளவு பொறுமைக்காரன் பாருங்க" என்று மகிழ்ந்தார். நான் அளவை மட்டும் குறித்துக்கொண்டேன்.

தாடையை வைத்துக் களிமண்ணில் ஒரு முகம் செய்யச் சொன்னார். சிற்பக் கலைஞர் செய்துவிட்டுப் போனார். மாணவர்கள் கூடிப் பார்த்தார்கள். பெல்லமி என்றொருவன் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மிஸ் ராக், சொந்தக்காரரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க, சொல்லவே இல்லையே!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகச் சிரிப்பதை நிறுத்தினார்கள். அதன்மேல் ஈரத்துணி போட்டு வைத்திருக்கிறேன். என் மேசைக்கு எதிரில்தான் நிற்கிறது.

அப்பா புகைக்குழாயை வாயில் எந்தப் பக்கம் வைத்துக்கொள்வார்? சும்மா கேட்கிறேன்.

தங்கை,
தபித்தா

~

கால்வர்லோ
டிசம்பர் 27

அன்புள்ள தபிக்கு,

பண்டிகை நல்லபடியாகப் போனது. வாத்து வேகவில்லை; எல்லாரும் வெந்துவிட்டது என்று சொல்லிச் சாப்பிட்டோம். நீ பின்னி அனுப்பிய கையுறையை அம்மா கோயிலுக்குப் போட்டுப் போனாள். கழற்றாமலே ஜெபம் செய்தாள்.

பண்டிகைக்கு முந்தின நாள் வழக்கம்போல நல்ல ஈயக்கல் ஒன்றின்மேல் மெழுகுவத்தி ஏற்றிப் பழையவருக்கு வைக்கப் போனோம். சுரங்கம் மூடிக் கிடப்பதால் குகையிலேயே வைத்தோம். மறுநாள் கல் இருந்தது. வத்தி இல்லை. உருகிய மெழுகும் இல்லை.

பனி அதிகம். வேறு ஒன்றுமில்லை.

ஜேபஸ்

இடது பக்கம்.

~

மான்செஸ்டர்
ஜனவரி 8, 1887

அன்புள்ள அண்ணா,

சுகம் விசாரிக்கக்கூட மனம் நிற்கவில்லை, மன்னித்துக்கொள்.

நீயும் அந்தப் பல் தேய்மானத்தைப் பார்த்திருக்கிறாய். நம் ஊரில் புகைக்குழாய் கடிக்கும் ஆண்கள் யார் வாய் திறந்தாலும் அந்த வட்ட ஓட்டை தெரியும். சைலஸ் அதற்குள் நாக்கை விட்டு விசில் அடிப்பானே. பேராசிரியருக்குத் தெரிந்தவர்கள் சுருட்டுப் பிடிக்கிறவர்கள். அவருக்கு எப்படித் தெரியும்? காட்டு மனிதன் களிமண் புகைக்குழாய் வைத்திருக்கவில்லை, அண்ணா.

எலும்பு பழசு என்று நாக்கு சொல்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தேன். ஊளைக் குகைக்கு மேலே பழைய சுண்ணாம்புக் காளவாய் இருக்கிறதே, அதன் சுண்ணாம்புத் தண்ணீர் உள்ளே இறங்கினால்? நம் ஊற்றில் தொங்கவிட்ட தொப்பி சில வருஷத்தில் கல்லாகிப்போனதை நாமே பார்த்திருக்கிறோம். பாறைத் தளம் அப்பா போன பிறகு உறைந்ததாகவும் இருக்கலாம். சுண்ணாம்பு நீரே எலும்பின் பசையையும் உறிஞ்சியிருக்கலாம். சுரங்கத்தில் போனவர் குகைக்கு எப்படி வந்தார் என்பாய்; அம்மா சொன்னாளே, மலைக்குள்ளே எல்லாம் ஒன்றுதான்.

துணியை எடுத்து அந்த முகத்தைப் பார்த்தேன். அப்பாவின் முகம் எனக்குத் தெரியாது. என் முகம் எனக்குத் தெரியும்.

சொன்னால் பேராசிரியரின் வாழ்நாள் வேலை போகும். சொல்லாவிட்டால் அப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிப் பொருளாக நிற்பார். நான் என்ன செய்ய?

தபி

~

கால்வர்லோ
ஜனவரி 21

அன்புள்ள தபிக்கு,

பார்த்தேன். மண்ணிலிருந்து எடுத்த அன்றே பார்த்தேன். சொன்னால் உன் மேசை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்குத் தெரியாமல் வைத்திருந்தேன். என் முகத்தை எங்கே வைப்பது? "என்னடா?" என்றாள். சொல்லிவிட்டேன். அடுப்பைக் கிளறிவிட்டுக் கேட்டாள்.

"கண்ணாடிப் பொட்டியிலயா வெச்சிருக்காங்க? வர்றவன் போறவன் எல்லாம் பாக்கறானா?"

"இன்னும் இல்லம்மா. இனிமேதான்."

"அவ என்ன செய்வா?"

"தெரியல."

"அவ செய்வா" என்றாள்.

அண்ணன்,
ஜேபஸ்

~

மான்செஸ்டர்
பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவின் சுகம் பற்றி எழுது.

சொல்லிவிட்டேன். லண்டனுக்குக் கிளம்ப அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். வாயில் வந்ததை வந்தபடி சொன்னேன். புகைக்குழாய், காளவாய், தொப்பி, அப்பா. அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"நரம்புன்னு நான் சொன்னப்பவே உங்களுக்குத் தோணிச்சா, மிஸ் ராக்?"

"ஆமா ஐயா."

"அப்பவே சொல்லியிருக்கலாம்."

"ஆமா ஐயா."

"அந்தக் காளவாய்த் தண்ணி குகைக்குள்ளதான் இறங்குதுன்னு நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது ஐயா."

"எனக்கும் இறங்கலைன்னு நிச்சயமா தெரியாது. அது போதும். சந்தேகத்தை மறைச்சுக்கிட்டு நான் மேடை ஏற முடியாது."

தாடையைத் தம் கைக்குட்டையில் சுற்றி என்னிடம் தந்தார். கொடுக்கும்போது ஒரு கணம் விடவில்லை. "உங்கப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க. நான் அவரை நக்கியிருக்கேன்" என்றார். சிரிக்க முயன்றார்.

லண்டனில் எழுந்து நின்று, எல்லாவற்றையும் திரும்பப் பெறுகிறேன் என்றாராம். முதல் வரிசையில் யாரோ, "தர்ல்பி, உங்க ஆதிமனுஷன் புகையிலை எந்தக் கடையில வாங்கினான்?" என்று கேட்க, சிரிப்பில் கூடமே அதிர்ந்ததாம். பெல்லமி நடித்துக் காட்டினான்.

சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். அப்பாவைக் கொண்டுவருகிறேன்.

தபி

~

கால்வர்லோ
மார்ச் 30

அன்புள்ள தபிக்கு,

நீ மான்செஸ்டர் திரும்பிய பிறகு இங்கே எல்லாரும் நலம். அம்மா இப்போது விதவைகள் பெஞ்சில் உட்காருகிறாள். கறுப்பு அவளுக்குப் பொருந்துகிறது. இத்தனை வருஷம் அதற்காகவே காத்திருந்தவள்போல நிமிர்ந்து நடக்கிறாள்.

அடக்கத்தன்று குழி வெட்டியவன் சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய். "ஒரு தாடைக்கு ஆறடி எதுக்கு?" என்று நான் கேட்டேன். "இருக்கட்டும். மிச்சம் வர்றப்ப வரட்டும்" என்றான்.

பெட்டியை மூடுமுன் அம்மா தாடையை மடியில் வைத்து, பல் வரிசையின் உள்பக்கமாக ஒரு விரலை முனையிலிருந்து முனைவரை ஓட்டிப் பார்த்தாளே, ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பிறகு "சரி" என்றாள். அந்தச் "சரி"யை இப்போது அடிக்கடி நினைக்கிறேன்.

தினமும் கல்லறைக்குப் போகிறாள். போய்ப் பேசுகிறாள். நேற்று நான் கேலியாக, "பதில் சொல்றாராம்மா?" என்றேன்.

"சொல்றாரு. எனக்குத்தான் புரியல."

"சத்தம் கம்மியா?"

"சத்தம் நல்லாத்தான் இருக்கு. பாஷைதான் வேற."

பக்கத்துச் சுரங்கத்துக்காரர்கள் புது வடிகால் வெட்டுகிறார்கள். நம் மலைத் தண்ணீரும் வடிந்துவிடும் என்கிறார்கள். மற்றபடி விசேஷமில்லை.

ஜேபஸ்

~

மான்செஸ்டர்
ஜூலை 3

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமா? இத்தோடு மூன்று கடிதம் போட்டுவிட்டேன். நடுவில் நீ எழுதியது ஒன்றே ஒன்று, அதிலும் வைக்கோல் விலையும் மழையும்தான். அம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. குகைப் பக்கம் போகிறாயா என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. உன் எழுத்து நடுங்குகிறது. குடிக்கிறாயா?

பேராசிரியர் வேலையை விட்டுவிட்டார். அவராக விட்டார் என்று பேச்சு. இப்போது ஒரு தண்ணீர்க் கம்பெனிக்குக் கிணறு எங்கே வெட்டலாம் என்று பார்த்துச் சொல்கிறார். போகும் நாளில் என் மேசைக்கு வந்து தம் சிறு சுத்தியலை வைத்தார். "நல்ல மாணவி ஆசிரியரைத் திருத்தணும். நீங்க திருத்தினீங்க" என்றார்.

என்னை யாரும் எதுவும் சொல்லவில்லை. களிமண் முகத்தை உடைக்கச் சொன்னார்கள். பெல்லமி ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு போய், என்னைப் பார்த்துவிட்டு, வைத்துவிட்டு வந்தான். அது இன்னும் எதிரில்தான் நிற்கிறது. காய்ந்து வெடித்திருக்கிறது, வாய் இருக்கும் இடத்தில்.

உண்மையை எழுது.

தபி

~

கால்வர்லோ
ஆகஸ்ட் 9

தபி,

குடிக்கவில்லை.

ஏப்ரலில் வடிகால் திறந்தார்கள். நம் பழைய சுரங்கத்தில் நின்ற தண்ணீர் வடிந்தது. நானும் சைலஸும் பார்க்கப் போனோம். கீழ் மட்டத்தில், இதுவரை தண்ணீர் அடைத்திருந்த வழிக்கு அப்பால், சரிந்த பாறைக்குப் பின்னால் ஒரு மேட்டில், ஒருவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்.

அப்பா. சட்டைப் பித்தளைப் பொத்தான் அம்மா தைத்த சிவப்பு நூலோடு இருக்கிறது. காளவாய்த் தண்ணீர் குகைக்கு இறங்கவில்லை, தபி. இத்தனை வருஷமும் அது அவர்மேல் சொட்டியிருக்கிறது. ஒரு பக்கம் முழுக்க வெள்ளைக் கல். தோளும் தொடையும் பாறையோடு ஒன்றாகிவிட்டன. அந்தக் கல் ஒரு விரற்கடைக் கனம்கூட இல்லை. குகையில் நாங்கள் பெயர்த்தது கை முழம்; அப்பா போன பிறகு உறைந்ததாக இருக்கவே முடியாது.

தலை முழுதாக இருக்கிறது. தாடையோடு. புகைக்குழாய் இடது பக்கப் பல்லில் கடித்தபடி.

சைலஸ் தொப்பியைக் கழற்றினான். "அப்ப, கல்லறைல படுத்திருக்கிறது யாருடா?" என்றான்.

அம்மாவிடம் சொல்ல முடியவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்து, உட்கார்ந்து, வைக்கோல் விலையை எழுதினேன். அவர் பக்கத்தில் ரொட்டி வைத்துவிட்டு வந்தேன். அது அப்படியே இருக்கிறது. யாரும் தொடவில்லை.

கல்லறைமேல் வைக்கும் ரொட்டிதான் காணாமல் போகிறது.

ஜேபஸ்

~

மான்செஸ்டர்
ஆகஸ்ட் 16

அன்புள்ள அண்ணா,

நீ சுகமாயிரு. உன்மேல் கோபமில்லை.

அந்தத் தாடை என் நாக்கைப் பிடித்தது. விட மறுத்தது. நான்தான் நம்பவில்லை. வட்ட ஓட்டையைக் கண்டால் புகைக்குழாய் என்று நினைக்கும் ஊரில் பிறந்துவிட்டேன். பேராசிரியர் நரம்பு என்றார், நரம்பேதான்.

நேற்று அவரைத் தேடிப் போனேன். வயல் நடுவில் ஒரு கிணற்றுக்குள் கயிறு விட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். கயிறு கையிலிருந்து ஓடிவிட்டது.

"அப்ப அவன் நிஜம்" என்றார். மறுபடி, "நிஜம்" என்றார். பிறகு வரப்பில் உட்கார்ந்து தலையை ஆட்டினார். "இனி யார் நம்புவாங்க, மிஸ் ராக்? நானே மறுத்தவன். உங்க கோயில் கல்லறைல, உங்கப்பா பேருல படுத்திருக்கான். அங்கேருந்து எடுத்து ஆதிமனுஷன்னு காட்டினா பெல்லமிகூடச் சிரிப்பான்."

"மிச்சம் கிடைச்சா, ஐயா? தளத்துக்குக் கீழ நாம முழுசா தோண்டவே இல்லையே. உடம்பு அங்கயே இருந்தா? தாடையும் அதோட பொருந்தினா?"

அவர் என்னை அண்ணாந்து பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

அம்மாவிடம் சொல், அண்ணா. நான் அழித்ததை நானே கட்ட வேண்டும். கல்லறையைத் திறக்க அவள் சம்மதம் வேண்டும். அவள் தினமும் போய்ப் பேசும் இடத்தைப் பிடுங்குகிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. அவன் முகம் ஏன் என் முகம்?

தபி

~

கால்வர்லோ
ஆகஸ்ட் 24

அன்புள்ள தபிக்கு,

நான் நலம். அம்மா நலம், நம் எல்லாரையும்விட நலம்.

ரொட்டிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கரைப்பதை நிறுத்தவில்லை.

"அது அவரு இல்லைன்னு பொட்டிய மூடறதுக்கு முன்னாடியே தெரியும்டா."

"எப்பிடிம்மா?"

"உங்கப்பனுக்குக் கீழ் வரிசைல கடவாய்ப்பல்லு ரெண்டு கிடையாது. சந்தைல சண்ட போட்டுத் தொலச்சாரு. நீ பொறக்கறதுக்கு முந்தி. இதுல முழுசா இருந்துச்சு."

"அப்ப ஏன் 'சரி'ன்ன?"

"எனக்கு அழ ஒரு எடம் வேணும். அவனுக்கு அழ ஒரு ஆள் வேணும்." கரண்டியைத் தட்டி வைத்தாள். "அதுல அந்தப் பெரிய மனுஷன் பொழப்பு போவும்னு எனக்கு யாரு சொன்னா? அவரு வரட்டும். மன்னிப்பு நான் கேட்டுக்கறேன். உங்கப்பன அந்தக் குழில வைக்கலாம், வெட்டினது வீணாப் போவாது. கறுப்ப நான் கழட்டப் போறதில்ல."

"அப்ப திறக்கலாமாம்மா?"

"தெறக்கலாம். சொல்லப்போனா அவன்தான் கேட்டுக்கிட்டே இருக்கான். இத்தன மாசம் உக்காந்து கேட்டதுல பாஷை கொஞ்சம் புரிய ஆரம்பிச்சிருக்கு."

"என்னம்மா கேக்கறான்?"

"மிச்சம் எங்கன்னு கேக்கறான்."

நேற்று குகைக்குப் போய்க் குழியின் ஓரத்தில் நின்றேன். கீழே தட்டுகிறது. நான் நின்ற பிறகும் நிற்கவில்லை.

பேராசிரியரை அழைத்து வா. ரொட்டி இந்தத் தடவை அவரே வைக்கட்டும்.

அண்ணன்,
ஜேபஸ்